பேர் போடாத பாட்டுகள்

கொழும்பிலிருந்து கண்டிக்குச் சுற்றுலா வரும் பஸ் வண்டி கடுகண்ணாவை ஏற்றத்தில் முனகத் தொடங்கும்பொழுது உள்ளே இருப்போர் பாடத் தொடங்குவார்கள். மேளம் ஒன்று இருக்கும். இல்லாவிடில் முன் ஆசனத்தின் முதுகே மேளமாகும். பாடுவோர் சிங்களவராயினும் தமிழராயினும் முஸ்லிம்களாயினும், வண்டி பேராதனைப் பாலத்தைத் தாண்டுவதற்குள் சுராங்கனி என்னும் பெண்ணின் பெயர் ஒரு தடவையேனும் ஒலியாமற் போவது அபூர்வம்.

யார் இந்தச் சுராங்கனி? பாட்டிலிருந்து நமக்குத் தெரிவது இவ்வளவே: ஒருவன் அவளுக்காக மீன் கொண்டு வந்திருக்கிறான். அதை அவன் திரும்பத் திரும்பச் சொல்கிறான். அவள் மீனை வாங்கினாளா, விலை கேட்டாளா, வந்த வழியே போ என்று கதவைச் சாத்தினாளா என்பதெல்லாம் பாட்டின் அக்கறை அன்று. எழுபதுகளில் ஏ. ஈ. மனோகரன் சிங்களமும் தமிழும் கலந்து பாடிப் பரப்பிய இப்பாட்டு கடலையும் கடந்தது. 1977இல் வெளிவந்த ‘அவர் எனக்கே சொந்தம்’ என்னும் படத்தின் மூலம், இளையராஜாவின் இசையில், மலேசியா வாசுதேவன் குரலில் தமிழகத்திலும் ஒலித்தது. 2018 ஜனவரியில் மனோகரன் சென்னையில் காலமானபொழுது பலரும் அவரை நினைவுகூர்ந்தது இந்த ஒரு பெண்ணின் பெயரைக் கொண்டுதான். ஆயினும் அப்பெயருக்குரியவள் இன்றுவரை ஒரு வார்த்தையும் பேசியதில்லை.

இதற்குச் சற்று முன்னர், அறுபதுகளின் இறுதியையொட்டி எழுந்த நிதி கனகரத்தினத்தின் ‘சின்ன மாமியே’ என்ற பாட்டையும் இதனோடு வைத்துப் பார்க்கலாம். அங்கே கேள்வியும் உண்டு, மறுமொழியும் உண்டு. இளைஞன் மாமியிடம் அவள் மகளை விசாரிக்கிறான். மாமி பதில் சொல்கிறாள். ஆனால் மகளோ பாட்டுக்கு வெளியே எங்கேயோ இருக்கிறாள். யாரைக் குறித்துப் பேச்சு நடக்கிறதோ அவளுக்கு மட்டும் பேச்சில் இடமில்லை!

இப்பாட்டுகளை இகழ்வது நம் நோக்கம் அன்று. 1956இல் தனிச் சிங்களச் சட்டம் நிறைவேறிய நாட்டில், ஒரே மெட்டில் இரண்டு மொழிகளையும் ஒரே வாயால் பாடவைத்த பாட்டைக் கீழ்த்தரமானது என்று ஒதுக்குகிறவர் ரசிகரும் அல்லர், ஜனநாயகவாதியும் அல்லர். போர்த்துக்கேயர் காலத்தில் வேர்கொண்டு, நாற்பதுகளில் பொலிஸ் உத்தியோகத்தராயிருந்த வொலி பஸ்தியன் போன்றோரால் மேடையேறிய பைலா இசை, உழைத்துக் களைத்த மக்களின் களிப்பு. அதில் பெண்ணின் பெயர் ஏன் இத்தனை இடம் பிடிக்கிறது என்பதற்கு இசைத்தட்டின் இயல்பிலேயே ஒரு காரணம் உண்டு. தட்டின் ஒரு பக்கம் மூன்று நான்கு நிமிடமே ஓடும். அதற்குள் கேட்பவனின் காதில் ஒரு சொல் ஒட்டிக்கொள்ள வேண்டும். உயிரோசையில் முடியும் ஒரு பெயர், கைதட்டலுக்கு வாகாக நீளவும் குறுகவும் கூடியது, இதற்கு மிகவும் பொருத்தம். ஆக, பெயர் அங்கே ஆளைச் சுட்டவில்லை, தாளத்தைச் சுட்டுகிறது.

கண்டி நகருக்கென்று இதற்கு முந்திய ஒரு பாட்டும் உண்டு. 1814இல் கடைசி அரசன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன், தன்னை எதிர்த்த எகலப்பொலையின் குடும்பத்தைத் தண்டித்த கொடுமையை இன்றும் சிங்களக் கவிகளாகப் பாடுகிறார்கள். பிள்ளைகள் கொல்லப்பட்டதையும் தாய் போகம்பரைக் குளத்தில் மூழ்கடிக்கப்பட்டதையும் கேட்டுக் கண்ணீர் விடாதவர் இல்லை. அந்தத் தாயை நாடு எகலப்பொலை குமாரிஹாமி என்று அறியும். எகலப்பொலை கணவனுக்குரிய பெயர். குமாரிஹாமி குலப்பெண்டிருக்குரிய பட்டம். பிரதானியின் மனைவிக்கே கதி இதுவென்றால், கூடை சுமந்தவளின் கதியைக் கேட்க வேண்டுமா?

கூடை சுமந்தவளிடம் வருவோம். 1824இல் கம்பளைக்கு அண்மையில் சின்னப்பிட்டியவில் ஜோர்ஜ் பேர்ட் கோப்பித் தோட்டம் தொடங்கியதையும், 1867இல் கண்டிக்குத் தெற்கே லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை நட்டதையும் பாடப்புத்தகங்கள் சொல்லும். அந்தக் கோப்பிக்கும் தேயிலைக்கும் கைகொடுக்கத் தமிழகத்திலிருந்து வந்தவர்கள் மன்னாரில் இறங்கிக் காட்டு வழியே மாத்தளைக்கு நடந்தார்கள். வாந்திபேதியிலும் காய்ச்சலிலும் பட்டினியிலும் வழியிலே விழுந்தவர்கள் பல்லாயிரவர். வந்து சேர்ந்தவர்களுக்கு மலைநாடு முழுவதும் ஒரே பெயர்தான்: கண்டி. ஹட்டனும் கண்டி, பதுளையும் கண்டி. இராமநாதபுரத்துக் கிராமத்தில் ஒருத்தி ‘கண்டிக்குப் போய்விட்டான்’ என்று சொன்னால், தலதா மாளிகை இருக்கும் நகரத்தை அவள் நினைக்கவில்லை. திரும்பி வருவது நிச்சயமில்லாத ஒரு திசையையே நினைத்தாள்.

அந்தக் கண்டியின் பெயரைத் தாங்கிய ஒரு பாட்டு மலையகத் தொகுப்புகளில் முதலிடம் பெற்று வருகிறது. தன் ஊரை இழந்ததையும், ஒற்றைப் பனை நின்ற தோப்பை இழந்ததையும், ஈற்றில் பேர் பெற்ற கண்டிக்கு வந்து பெற்றவளையே மறந்து போனதையும் பாடுபவர் எண்ணிச் சொல்லும் பாட்டு அது. நான்கு அடிதான். ஆயினும் அதன் அடுக்கை விமர்சகர்கள் போதிய அளவு கவனிக்கவில்லை என்றே கருதுகிறோம். ஊரும் தோப்பும் இழப்புக் கணக்கில் வருகின்றன. அவற்றைப் பறித்தவர் வேறு யாரோ. தாயிடம் வரும்பொழுது வினை மாறிவிடுகிறது. தாயை இழந்தேன் என்று பாட்டு சொல்லவில்லை, மறந்தேன் என்கிறது. பறிகொடுத்தவர் திடீரெனக் குற்றவாளியாகி நிற்கிறார். வறுமை மனிதனிடமிருந்து பொருளை மட்டும் எடுத்துக்கொள்வதில்லை; எடுத்த பழியையும் அவன் தலையிலேயே ஏற்றிவிடுகிறது என்பதை விளக்க நாம் ஒரு கட்டுரை எழுதவேண்டியிருக்கிறது. பாடியவருக்கு ஒரு வினைச்சொல் போதுமாயிருந்தது.

பாடியவர் யார்? இங்கேதான் நம் வழக்கு தொடங்குகிறது.

இதே தொகுப்புகளில் அண்ணனைப் பறிகொடுத்த மலையைச் சுட்டிக்காட்டிப் பாடும் பாட்டு உண்டு. பொழுது இறங்கிவிட்டது, எசமான் மனம் மட்டும் இறங்கவில்லை என்று ஒரே வினையில் இயற்கையையும் நிர்வாகத்தையும் கோத்த பாட்டு உண்டு. குழிவெட்டி இடுப்பொடிந்து நிற்கையில் வேலையற்ற கங்காணி மேலும் வெட்டச் சொல்லி விரட்டுவதைப் பழிக்கும் பாட்டும் உண்டு. குழி வெட்டுவது பெரும்பாலும் ஆண்கள் வேலை. கொழுந்து எடுப்பது பெண்கள் வேலை. மாரடித்து ஒப்பாரி சொல்வது முற்றிலும் பெண்களின் உரிமை. ஆகவே எது யார் குரல் என்பது பொருளையே மாற்றும். தாயை மறந்தேன் என்பது ஆண்மகன் வாக்கானால், அது மணியோடர் அனுப்பத் தவறிய மகனின் வருத்தம். பெண்ணின் வாக்கானாலோ, அவள் இப்பொழுது தானே ஒரு தாய். லயத்து அறையில் தன் பிள்ளையைத் தாலாட்டும்பொழுது தன்னைத் தாலாட்டியவளை நினைக்கிறாள். இரண்டும் இரண்டு பாட்டுகள். அச்சில் நமக்குக் கிடைப்பதோ ஒன்றே.

தோட்டத்துப் பேச்சில் ‘பேர்’ என்ற சொல்லுக்குத் தனிப் பொருள் உண்டு. காலையில் பிரட்டுக்களத்தில் ஆள் கணக்கெடுத்து, மாலையில் செக்ரோலில் பதிந்தால் அது ஒரு பேர். அதாவது ஒரு நாட் சம்பளம். சொன்ன இறாத்தலுக்குக் கொழுந்து குறைந்தால் அரைப் பேர். நாள் முழுவதும் மழையில் நின்றவளுக்குக் கணக்கப்பிள்ளையின் பேனா முனையில் பாதி நாள் காணாமற் போகும். ‘எனக்கு பேர் போட்டாங்களா?’ என்பது மானத்தைப் பற்றிய கேள்வி அன்று, சோற்றைப் பற்றிய கேள்வி. 1984 வரை ஒரு பெண்ணின் முழுப் பேரே ஆணின் பேரைவிடக் குறைந்த கூலிக்குத்தான் எழுதப்பட்டது. அரைப் பேர் போட்டவனைத் திட்டும் பாட்டுகள் இந்த மண்ணுக்கே உரியவை. தமிழகத்துத் தெம்மாங்கில் இவற்றுக்கு இணை தேடினால் கிடைக்காது.

ஆக, தோட்டத்துத் துரையின் செக்ரோலில் பேர் இருந்தது. இலக்கியத்தின் செக்ரோலில்?

நாட்டுப்பாடலைத் தாளில் பதித்தவர்களுக்கு நாம் நன்றிக்கடன் பட்டவர்கள். பெர்சி மாக்வீன் என்னும் ஆங்கில அதிகாரி திரட்டிய பாடல்களைக் கி. வா. ஜகந்நாதன் ‘மலையருவி’யாக 1958இல் பதிப்பித்தார். நா. வானமாமலை 1964இல் ‘தமிழர் நாட்டுப் பாடல்கள்’ தந்தார். பாட்டைப் பிறப்பித்த சமுதாயத்தோடு சேர்த்துப் படிக்க நமக்குக் கற்றுக்கொடுத்தவர் அவரே. மலையகத்தில் சி. வி. வேலுப்பிள்ளை, மடக்கொம்பரைத் தோட்டத்தில் பிறந்து, 1947இல் தலவாக்கொல்லையின் பிரதிநிதியாகப் பாராளுமன்றம் சென்று, மறுவருடமே குடியுரிமைச் சட்டத்தால் தம் மக்கள் நாடற்றவராவதைக் கண்டவர். ‘மலைநாட்டு மக்கள் பாடல்கள்’ அவர் உழைப்பின் பயன். பின்னர் சாரல் நாடன் ‘மலையக வாய்மொழி இலக்கியம்’ எழுதினார். இவர்கள் இல்லையேல் நாம் இன்று பேசவே பொருள் இராது. இதை மறந்து குறை சொல்லுவது நன்றி கெட்ட செயல்.

எனினும் சொல்லத்தான் வேண்டும். நாட்டுப்பாடல் தொகுப்புகளிற் பெரும்பாலானவற்றில் தொகுத்தவர் பெயர் அட்டையில் உண்டு, பாடியவர் பெயர் எங்கும் இல்லை. ‘மக்கள் பாடினார்கள்’ என்று முன்னுரை கூறும். ‘மக்கள்’ என்பது மேன்மையான சொல். நாமும் நாள்தோறும் எழுதுகிற சொல். ஆனால் அதற்குப் பின்னால் ஒரு மாரியாயியையோ ஒரு செல்லம்மாவையோ ஒளித்துவைக்கவும் அது பயன்படும் என்பதை நாம் ஒப்புக்கொள்ள வேண்டும். கவியரங்கத்தில் பாதி வரி பாடிய புலவனுக்குக்கூடப் பெயர் கேட்டு அச்சிடுகிற நாம், நான்கு அடியில் ஒரு யுகத்தைப் பாடியவளிடம் பெயர் கேட்கவில்லை. அவள் பாடியது ‘தானாகப் பிறந்தது’ என்று எண்ணிவிட்டோம். மலையில் அருவி பிறப்பது போல என்ற உவமை அழகானதுதான். ஆனால் அருவிக்குச் சம்பளமும் இல்லை, பேரும் இல்லை.

பெயர் மட்டுமா போயிற்று? ஒப்பாரியை எடுத்துக்கொள்வோம். சாவு விழாத வீட்டில் ஒப்பாரி வைத்தல் ஆகாது என்பது நம் பெண்களின் நம்பிக்கை. குறிப்பேடும் ஒலிப்பதிவுக் கருவியுமாகப் போய் நின்று ‘பாடுங்கள்’ என்றால் பாடமாட்டார்கள். வற்புறுத்தினால் வீட்டை விட்டு வெளியே, தேயிலை மலைக்கோ ஆற்றங்கரைக்கோ வந்து பாடுவார்கள். அங்கே பிணம் இல்லை, கட்டிப்பிடித்து அழ இன்னொருத்தி இல்லை, எதிர்த்துப் பதில் சொல்லும் நாத்தனார் இல்லை. கிடைப்பது சொற்கள் மட்டும். அச்சேறும்பொழுது மூக்குறிஞ்சலும் ‘ஏ’காரமும் நீங்கிச் சீர் பிரித்து நிற்கும். கங்காணியைப் பற்றிய கொச்சையான அடிகள், நாகரிகம் கருதி, எங்கேயோ உதிர்ந்துவிடும். இப்படித் துவைத்துக் காயவைத்த பாட்டைத்தான் நாம் பள்ளிக்கூடத்தில் ‘வாய்மொழி இலக்கியம்’ என்று பாராயணம் செய்கிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன் கேவாகெட்டைப் பகுதியில் ஒரு தோட்டத்து லயத்துக்கு நாம் இருவராகச் சென்றிருந்தோம். எழுபதைத் தாண்டிய ஒரு மூதாட்டி, பேத்தி போட்டுத்தந்த சாயத்தண்ணீரை நமக்கு நீட்டிவிட்டு, முதலில் மாரியம்மன் தாலாட்டு ஒன்றைப் பாடினார். பின்னர் தயங்கித் தயங்கிக் கங்காணிப் பாட்டுக்கு வந்தார். சிரிப்பும் இருமலுமாக ஏழெட்டுப் பாட்டுகள். நாம் கொள்கைப் பிடிப்போடு பேனாவைத் திறந்து, ‘உங்கள் முழுப் பெயர் என்ன பாட்டி?’ என்று கேட்டோம். அவர் முகம் மாறிவிட்டது.

‘பேரெல்லாம் எழுதாதீங்க தம்பி. மருமக இஸ்கூல்ல டீச்சர். கூலிப் பாட்டு பாடுனேன்னு பேப்பர்ல வந்தா அதுக்குக் கொறச்சலு.’

பக்கத்தில் நின்ற பேத்தி தலையைக் குனிந்துகொண்டாள். நமக்கு மறுமொழி கிடைக்கவில்லை. பெயரைப் பதியாமல் விட்ட குற்றத்தைத் தொகுப்பாசிரியர்கள் மேல் ஏற்றிக்கொண்டிருந்த நம்மிடம், அப்பெயரைச் சொல்ல விடாத ஒரு சமுதாயம் நேர் எதிரில் உட்கார்ந்து தேநீர் தந்தது. கூலி என்ற சொல்லை இழிவாக்கியவர்கள் யார்? அந்த மூதாட்டியும் அல்லர், ஆசிரியையான மருமகளும் அல்லர். இரண்டு தலைமுறை பாடுபட்டுப் படித்து லயத்தை விட்டு ஓரடி வெளியே வைத்த பெண், பின்னாலிருந்து யாரோ ‘தோட்டக்காட்டான்’ என்று கூவுவதற்கு அஞ்சுகிறாள். யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் கண்டிக் கடைவீதியிலும் அச்சொல்லைக் கூவிய வாய்கள் தமிழ் வாய்களுந்தாம். அன்று நம் குறிப்பேட்டில் பெயருக்குரிய இடத்தில் தோட்டத்தின் பிரிவையும் வருடத்தையும் மட்டுமே எழுதிக்கொண்டு திரும்பினோம்.

நிற்க. பெயரும் குரலும் ஒருங்கே ஓங்கிய ஒரு பெண்ணும் இம்மலைநாட்டில் இருந்தார். கோ. நடேசய்யரின் துணைவியார் மீனாட்சியம்மாள். தொழிற்சங்கம் என்ற சொல்லே தோட்டத்துக்குள் நுழைய முடியாதிருந்த காலத்தில், நடேசய்யர் பேசுமுன் மேடையேறி அவர் பாடுவார். பாரதி பாட்டும் பாடுவார். தாமே கட்டிய பாட்டும் பாடுவார். 1939இல் இலங்கை அரசாங்கம் நாட்கூலிக்கிருந்த இந்தியரை வேலைநீக்கிய வேளையை அடுத்து, 1940இல் ‘இந்தியர்களது இலங்கை வாழ்க்கையின் நிலைமை’ என்ற பாட்டுப் பிரசுரத்தைத் தம் பெயரிட்டே வெளியிட்டார். அதே 1940 ஜனவரியில்தான் கேவாகெட்டை முல்லோயாத் தோட்டத்தில் கூலி உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் செய்தோர்மேல் பொலிசார் சுட்டுக் கோவிந்தன் என்னும் தொழிலாளி மாண்டார். அப்படிப்பட்ட வருடத்தில் ஒரு பெண், அக்கால வழக்கப்படி மக்கள் அறிந்த மெட்டுகளில், அமைச்சர்களையும் துரைமாரையும் முகத்துக்கு நேரே கேள்வி கேட்டுப் பாடினார்.

மீனாட்சியம்மாளின் சொற்கள் நமக்குக் கிடைத்தன; குரல் கிடைக்கவில்லை. இசைத்தட்டு இல்லாத காலமா அது? இல்லை. 1926இல் கொழும்பு மேடையில் கிட்டப்பாவோடு இணைந்து நடித்த கே. பி. சுந்தராம்பாளின் குரல் தட்டுகளில் ஏறி, நம் பாட்டன்மார் காதிலும் ஒலித்து, இன்று நம் காதிலும் ஒலிக்கிறது. சுந்தராம்பாளுக்கு அந்தப் பேறு கிடைத்ததில் நமக்கு மகிழ்ச்சியே. அவரும் வறுமையில் பிறந்து ரயிலிற் பாடி வளர்ந்தவர், தேசியப் பாடல்களை அஞ்சாது பாடியவர். ஆனால் தட்டு என்பது விற்பனைச் சரக்கு. அதை வாங்கக் கிராமபோன் பெட்டி வேண்டும். பெட்டி வைக்க வீடு வேண்டும். பத்தடி லயத்து அறையில் இருப்பவரை நோக்கிப் பாடிய குரலைப் பதிக்க எந்தக் கம்பெனிக்கு லாபம்? மீனாட்சியம்மாளைக் கேட்டவர்கள் பாட்டுக் காகிதத்தை மடித்து மடியில் வைத்துக்கொண்டு போனார்கள். மெட்டைத் தொண்டையில் வைத்துக்கொண்டு போனார்கள். அந்தத் தொண்டைகள் இன்று இல்லை.

சுராங்கனிக்குத் தட்டு கிடைத்தது. அவளுக்குப் பேச வாய் கிடைக்கவில்லை. கொழுந்தெடுத்தவள் பேசினாள், அவள் பேர் விழவில்லை. பேரோடு பேசியவரின் குரலைப் பிடித்துவைக்க ஆளில்லை. மூன்றிலும் பெண் முழுதாக நம் கைக்கு வரவில்லை. ரசிகர்கள் இதில் எதையும் குற்றமாக எண்ணுவதில்லை. நல்ல பாட்டு என்றால் தலையசைத்துவிட்டுப் போகிறார்கள்.

இன்று நிலைமை சற்று மாறியிருக்கிறது. கருவி எளிதாகிவிட்டது, கைபேசி இல்லாத லயம் இல்லை. நாம் கேவாகெட்டையிலிருந்து திரும்பும்பொழுது அந்தப் பேத்தி தன் கைபேசியில் ஏற்கெனவே பாட்டியின் பாட்டு இரண்டைப் பதிந்துவைத்திருப்பதைக் காட்டினாள். யாரும் அவளைக் கேட்கவில்லை, யாருக்கும் அவள் அனுப்பவில்லை. ஆராய்ச்சியாளர்கள் கண்டிக்கு வந்து விடுதி எடுத்துத் தங்கிச் செய்யும் வேலையை அவள் அடுப்பங்கரையில் செய்திருக்கிறாள். பின்னணியில் விசிலடிக்கும் குக்கரும், அழும் குழந்தையும், நடுவில் ‘இதப் போடாத’ என்று பாட்டி அதட்டும் குரலும் அதில் உண்டு. எந்த அச்சுத் தொகுப்பிலும் காணாத முழுமை! பல்கலைக்கழகங்களும் வானொலியும் இத்தகைய பேத்திகளைத் தேடிப் போகவேண்டும். அவர்கள் விரும்பினால் அவர்கள் பெயரோடும், விரும்பாவிடில் அவர்கள் சொன்ன காரணத்தோடும் பதிய வேண்டும். பெயரை மறைக்கச் சொன்ன காரணமும் பாட்டின் ஒரு பகுதியே.

இந்த வேலைக்கு அவசரம் உண்டு. 1964 ஒக்டோபரில் சிறிமாவும் சாஸ்திரியும் கையெழுத்திட்ட ஒப்பந்தப்படி 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென முடிவாயிற்று. அதன்பின் கண்டியிலுள்ள இந்திய உதவித் தூதரகத்தின் வாசலில் தோட்டத்து மக்கள் வரிசையாக நின்றார்கள். அங்கே அவர்களுடைய பெயர்கள் சரியாகவே எழுதப்பட்டன. தகப்பன் பெயர், தாய் பெயர், கிராமம் எல்லாம் கேட்டு எழுதப்பட்டன. பிறகு தலைமன்னார் செல்லும் ரயில் ஏறினார்கள். மேடையில் நின்றோரும் பெட்டியில் இருந்தோரும் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு அழுததால் அதற்கு ஒப்பாரிக் கோச்சி என்றே பேராயிற்று. சாவு விழாத வீட்டில் பாடக்கூடாத பாட்டை அன்று ரயில் மேடையில் பாடினார்கள்.

சென்றவர்களில் பலர் நீலகிரியில், கோத்தகிரியிலும் கூடலூரிலும், மறுபடியும் தேயிலைக்கே வேலைக்குப் போனார்கள். அங்கே அவர்களுக்கு ‘சிலோன்காரர்’ என்று பெயர். அவர்களோடு பாட்டுகளும் போயின. ஊரையும் தோப்பையும் இழந்து கண்டியில் தாயை மறந்த அந்தப் பாட்டை, கண்டியிலே பிறந்து கண்டியிலே தாயைப் புதைத்துவிட்டுக் கோத்தகிரியில் கொழுந்தெடுக்கும் ஒருத்தி இன்று பாடினால், அதில் வரும் ஊர் எந்த ஊர்?